வலிக்காத விரல்

மலாய் நாட்டில், பாலோ என்ற ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், 1932ஆம் வருஷத்து மாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வீராயி என்ற பால்வெட்டுக்காரி தன் விரலில் ஊசி ஏறியிருப்பதை இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமான கையோடு துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் ஐயாசாமியும் அவளும் அடுத்தடுத்த மர நிரைகளில் பால் வெட்டினார்கள். ஒரே மகள் தனலெட்சுமிக்கு ஆறு வயது. வீராயி அதிகம் பேசமாட்டாள். ஆனால் கை சும்மா இருக்காது. கிழிந்த சேலைக்கு அவள் ஒட்டுப் போட்டால், ஒட்டு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கைதான் அவளை டிரஸ்ஸர் வீட்டுக்குக் கொண்டுபோனது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் வைத்தியலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி செல்லப்பாக்கியம் ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே வெள்ளைக்கார மாதர்களிடம் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகியிருந்தாள். தோட்டத்தில் மழை பிடித்தால் குளிர்காய்ச்சலும் சேர்ந்து பிடிக்கும். லயத்து வரிசை வீடுகளில் கூலி ஜனங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்ட நடுங்குவதைப் பார்த்த செல்லப்பாக்கியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து, ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்களை வரச்சொன்னாள். முதல் வாரம் மூன்று பேர் போனார்கள். ஒரு வருஷத்துக்குள் ஒன்பது பேர் ஆனார்கள்.

ஒருத்திக்கு ஒரு போர்வை என்று முறை வைத்துக்கொண்டார்கள். யாருடைய முறையோ அவளுக்காக எல்லாரும் சேர்ந்து தைப்பார்கள். மேலே ஒட்டுத்துணிகள், நடுவில் நைந்த சேலை, அடியில் கோதுமை மாவுப் பையைப் பிரித்த துணி. பாலோ கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த சீனர், வெட்டிப்போட்ட துண்டுகளை ஒரு கூடையில் சேர்த்து வைத்துச் செல்லப்பாக்கியத்துக்குக் கொடுத்தனுப்புவார். பச்சைப் பட்டுத் துண்டு ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கு அதைச் சுற்றியே பேச்சு. அதை எந்த இடத்தில் வைப்பது என்று ஒன்பது பேரும் சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். வாரம் முழுக்க வேலை ஏவுகிற மண்டோர் குரலைக் கேட்ட காதுக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் ஆறுதல்.

துணியைப் பாயில் விரித்து நாலு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். வலக்கை மேலிருந்து ஊசியை இறக்கும். இடக்கை துணிக்கு அடியில் காத்திருக்கும். ஊசிமுனை விரலைத் தொட்ட மாத்திரத்தில் அதை மேலே திருப்பிவிட வேண்டும். தையல் பொடியாக விழுவது இந்தக் கீழ்க்கையால்தான். கண்ணுக்கு அதில் வேலை இல்லை.

"வீராயியிட தையலைப் பாருங்கோ, அரிசிமணி அடுக்கினமாதிரி" என்று செல்லப்பாக்கியம் மற்றவர்களுக்குக் காட்டுவாள். வீராயிக்கு வெட்கமாகவும் இருக்கும், ஊருக்கே சொல்ல வேண்டும்போலவும் இருக்கும்.

அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தைத்தது வெள்ளையம்மாவுக்கான போர்வை. வெள்ளையம்மாவுக்கு அது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் வேகமாகத் தைத்தார்கள். வீராயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளியம்மா திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஏய், என்னாடி அது செவப்பா?"

மாவுப்பைத் துணியின் ஓரத்தில் ஒரு காசளவு கறை ஊறியிருந்தது. வெற்றிலைச் சாறு என்றுதான் வீராயி முதலில் நினைத்தாள். கையை வெளியே எடுத்தாள். இடக்கையின் ஆட்காட்டி விரலில் நாலைந்து இடத்தில் ஊசி ஏறியிருந்தது. ஒரு இடத்தில் நூல்கூடத் தோலுக்குள் ஓடி வெளியே வந்திருந்தது. தன் விரலையே துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறாள்.

வலிக்கவே இல்லை.

"குத்திருச்சுக்கா" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்தும் காட்டினாள். அந்தச் சுளிப்பு பொய் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் விடிகாலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது அவள் இடக்கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். நிரைக்குப் போனதும் முதல் மரத்தடியில் உட்கார்ந்து, பால்வெட்டும் உளியின் நுனியால் சுண்டுவிரலைக் குத்திப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் விரலைக் குத்துவதுபோல இருந்தது. மோதிரவிரலும் அப்படியே. முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு திட்டு இருந்தது. போன தீபாவளிக்கு முன்பே வந்ததுதான். தேமல் என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அதையும் கீறிப் பார்த்தாள். கோடு விழுந்தது. அவ்வளவுதான்.

அவளுக்கு மணியத்தின் ஞாபகம் வந்தது.

மணியம் களையெடுக்கும் ஆள். கீழ் லயத்தில் கடைசி வீடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், அவனுக்குப் பெருவியாதி, குஷ்டம், என்று யாரோ மண்டோரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளே லோரி வந்தது. அவன் ஏறமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டதைத் தோட்டமே நின்று பார்த்தது. பாயையும் துணியையும் வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்த மாதமே அவன் பெண்டாட்டியையும் ரெண்டு பிள்ளைகளையும் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவனைத் தெற்கே, ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் இருந்த பெருவியாதிக்காரர்கள் விடுதிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அந்தக் கடைசி வீட்டைக் கடக்கும்போது பெண்கள் பிள்ளைகளை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீராயியும் அப்படித்தான் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகத் தனத்தின் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். அந்தப் பிள்ளை அதுவரை அம்மாவின் வயிற்றில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்கும்.

"ஏம்மா?" என்று கேட்டது.

"நீ பெரிய புள்ளையாயிட்ட."

"நான் பெருசாகல" என்று அழுதது. வீராயி அதைத் தேற்றவில்லை. தேற்றுவதென்றால் தொட வேண்டும்.

பயம் ஒவ்வொரு வேலைக்குள்ளும் நுழைந்தது. சோற்றுப்பானை மூடியை எடுப்பது, பால்வாளியைத் தூக்குவது, தனத்துக்குத் தலைவாருவது எல்லாமே பயமாக ஆனது. ஒருநாள் கொதிக்கிற மூடியை வெறுங்கையால் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஐயாசாமி வெறித்துப் பார்ப்பதைக் கண்டு கையை உதறினாள், சுட்டுவிட்டதுபோல. உதறச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் அவளைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை தையலுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதுவும் டிரஸ்ஸர் வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்பார்கள். அதனால் போனாள். கைக்கு ஒரு துணி சுற்றிக்கொண்டு, உளி பட்டுவிட்டது என்றாள். கூடத்துக்கு அடுத்த அறையில் வைத்தியலிங்கம் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முதுகில் வேர்த்தது. கீழ்க்கை ஊசியை உணராததால் குத்துமதிப்பாகத் தைத்தாள். தையல் நீளம் நீளமாக, குதித்துக் குதித்து விழுந்தது. விளையாட்டுப் பிள்ளை தைத்ததுபோல இருந்தது.

செல்லப்பாக்கியம் குனிந்து பார்த்தாள். "என்ன வீராயி, உம்மட தையல் இண்டைக்கு இப்பிடி ஓடுது?"

"காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குதுங்கம்மா."

"அப்ப ஐயாட்டைக் காட்டீற்றுப் போமன். கொயினா தருவார்."

"வேணாங்கம்மா!" என்றாள் வீராயி. தேவைக்கு அதிகமாகக் குரல் எழும்பிவிட்டது. தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காளியம்மா மட்டும் நிமிரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர்வையை விரித்ததும் வீராயி தன் தையலைத் தேடினாள். போன வாரம் அவள் தைத்த இடத்தில் அந்த நீளத் தையல்கள் இல்லை. யாரோ எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பொடிப்பொடியாக மறுபடி தைத்திருந்தார்கள். அவள் தையல் போலவே இருக்க வேண்டும் என்று முயன்று தைத்திருந்தது தெரிந்தது.

போர்வை வாரம் முழுக்கச் செல்லப்பாக்கியத்தின் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். அப்படியானால் பிரித்தது செல்லப்பாக்கியம்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தால் டிரஸ்ஸருக்கும் தெரியும். டிரஸ்ஸருக்குத் தெரிந்தால் தோட்டத்துத் துரைக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? லோரி இன்றைக்கே வருமா, நாளைக்கா? அன்று செல்லப்பாக்கியம் கொடுத்த தேத்தண்ணியை வீராயி குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். தனக்கு மட்டும் தனிக் கோப்பையில் கொடுத்தாளா என்று எல்லார் கையிலும் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அதுவும் நிம்மதி தரவில்லை.

அதற்கடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அவள் ஏனோதானோவென்று தைத்துவிட்டு வருவாள். ஏழு நாள் கழித்துப் போனால் வரிசை ஒழுங்காகியிருக்கும். மூன்று வாரம் அவள் தோட்டத்துப் பாதையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

பங்குனி மாதத்தில் தனத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மத்தியானம் நிரையிலிருந்து திரும்பிய வீராயி, பிள்ளை பாயில் சுருண்டு கிடந்து உதறுவதைப் பார்த்தாள். தனம் ரெண்டு கையையும் நீட்டியது.

"தூக்கும்மா. குளுருதும்மா."

வீராயி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "படுத்துக்க, படுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காளியம்மா அவளைத் தாண்டி உள்ளே போய், பிள்ளையை வாரி மடியில் போட்டு, தன் முந்தானையால் மூடினாள். நடுக்கம் குறைந்து பிள்ளை கண் அயரும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி. ரத்தம் வந்த அன்னைக்கே தெரியும்."

வீராயி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தையலப் பிரிச்சுத் தச்சது நாந்தான். புதன்கெழம அந்தம்மா வீட்டுக்கு அரிசி இடிக்கப் போறேன்ல. அவங்க குளிக்கப் போற நேரம் பாத்து பெட்டியத் தொறந்து தச்சேன். ஒன்ன மாதிரி வரல. ஒப்பேத்திட்டேன்."

"எதுக்குக்கா?"

காளியம்மா பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். நாற்பது வயது. வாயாடி என்று பேர் வாங்கியவள். அவள் குரல் அவ்வளவு தணிந்து வீராயி கேட்டதில்லை.

"மணியத்தப் பத்தி மண்டோர்கிட்ட சொன்னது நான்."

காளியம்மா முந்தானையை இழுத்துப் பிள்ளையின் காலையும் மூடினாள்.

"பயந்துட்டேன்டி. எம்புள்ளைங்க அவன் வீட்டு வாசல்லதான் வெளையாடும். அவன கொண்டுபோயி மருந்து குடுப்பாங்கன்னுதான் நெனச்சேன். அந்தப் பொம்பளையையும் புள்ளைங்களையும் கப்பல்ல ஏத்துவாங்கன்னு நெனைக்கல. லோரியில ஏறுறப்ப அவ என்னத்தான் பாத்துக்கிட்டே போனா. யாரு சொன்னதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சு."

அன்று சாயங்காலம் வீராயி ஐயாசாமியிடம் சொன்னாள். அவனுக்கும் பாதி தெரிந்துதான் இருந்தது. "சிம்பாங் ரெங்கம் பக்கம் போயிருவோம்" என்றான். "அங்க புதுத் தோட்டத்துல நம்மள யாருக்கும் தெரியாது. கைக்குத் துணியச் சுத்திக்க. நான் ஒன் நெரையையும் சேத்து வெட்டறேன்."

"புள்ள?"

"புள்ளயும்தான்."

"இல்லங்க. புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீராயி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள் என்று சொல்ல முடியாது. மறைத்து வைக்கிற பயத்தையும் பிள்ளையைத் தொடுகிற பயத்தையும் சேர்த்துச் சுமக்க அவளால் முடியவில்லை. ஒன்றை இறக்கி வைத்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவள் மட்டும் உட்காராமல் கூடத்துக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றாள். காளியம்மா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அம்மா" என்றாள் வீராயி. "எங்கைக்கு ஊசி தெரியலீங்க. நெருப்பும் தெரியல. நான் ஒங்களோட உக்காந்து தச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

வெள்ளையம்மாதான் முதலில் எழுந்தாள். வயிற்றை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்து, பின்கதவு வழியாகப் போய்விட்டாள். இன்னும் ரெண்டு பேர் அவள் பின்னால் போனார்கள். செல்லப்பாக்கியம் தவழ்ந்துகொண்டிருந்த தன் கடைசிப் பிள்ளையைப் பறித்தெடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"போயிரலாமாக்கா?" என்றாள் வீராயி.

"நில்லு" என்றாள் காளியம்மா. அவள் வீராயியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனது. முதலில் வைத்தியலிங்கம் வந்தார். கையில் பஞ்சும் ஒரு குண்டூசியும் இருந்தன. அவருக்குப் பின்னால் செல்லப்பாக்கியம் ஒரு பீங்கான் தட்டத்தில் மருந்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுது முகம் கழுவியிருந்தாள்.

வைத்தியலிங்கம் படியில் ஒரு முக்காலியைப் போட்டு வீராயியை உட்கார வைத்தார். "கண்ணை மூடுங்கோ. நான் தொட்டவுடனே 'ம்' எண்டு சொல்லுங்கோ."

வீராயி கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். எங்கோ சேவல் ஒன்று கூவியது. பெண்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பங்கய்யா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

அவர் அதற்குள் பதினோரு தடவை குத்தியிருந்தார்.

"கண்ணைத் திறவுங்கோ" என்றார். குரல் மெதுவாக இருந்தது. "பெரிய டாக்குத்தர் பாத்துத்தான் முடிவாச் சொல்லவேணும். ஆனா எனக்குச் சந்தேகமில்லை. ஆரம்பம்தான். இப்ப ஊசிமருந்து இருக்கு, எண்ணெய் மருந்து. ரெண்டு மூண்டு வருஷம் விடாமப் போட்டுச் சுகமாகி வந்தவை இருக்கினம். நான் எழுதத்தான் வேணும். எழுதாம விட எனக்கு உரிமை இல்லை."

"எழுதுங்கய்யா. எம்புள்ளையையும் அவரையும் கப்பல்ல ஏத்திருவாங்களா?"

செல்லப்பாக்கியம்தான் பேசினாள். "இஞ்சருங்கோ, நீங்கள் அதையும் எழுதுங்கோ. பிள்ளையையும் சோதிச்சுப் போட்டு, ஒரு குறையும் இல்லை எண்டு எழுதுங்கோ. ஆறு மாசத்துக்கு ஒருக்காச் சோதிக்கிறன் எண்டும் எழுதுங்கோ."

"பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு துரை கேப்பார்."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் காளியம்மா. "எம்பேர எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க."

துரை பத்து நாள் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் வீராயி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தனி அறையில் இருந்தாள். ஜன்னல் வழியாகத் தோட்டத்துப் பாதை தெரியும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நடந்து வந்தால்கூட அவள் எழுந்து சுவரோரம் போய் நிற்பாள். பதினோராம் நாள் காலை கிராணி நிஜமாகவே வந்து, ஐயாசாமி வேலையில் இருக்கலாம், பிள்ளையும் இருக்கலாம் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் விடுதிக்குப் போவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. செல்லப்பாக்கியம் ஆஸ்பத்திரி மரத்தடியில் பாய் விரித்தாள். ஆறு பேர் வந்தார்கள். வரிசையில் அடுத்த முறை ராஜம்மா என்பவளுடையது. அவள் தன் முறையை வீராயிக்கு விட்டுக்கொடுத்தாள். ஒட்டுகளை முந்தின வாரமே சேர்த்து வைத்திருந்தார்கள். வீராயி நாலு முழம் தள்ளி உட்கார்ந்தாள். கிட்டே வா என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் பயம்தான். செல்லப்பாக்கியம் மருந்துத் தண்ணீர்த் தட்டத்தை நடுவில் வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் எல்லாரும் கையை அதில் முக்கிக்கொண்டார்கள். ஆனாலும் பொழுது சாயும்வரை யாரும் எழுந்து போகவில்லை. வெள்ளையம்மா தூரத்தில் பால்மரத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வீராயி அவளுக்குத் தலையசைத்தாள். அவள்மேல் கோபமே வரவில்லை. மணியத்தின் வீட்டைத் தான் எப்படித் தாண்டிப் போனோம் என்பதை அவள் மறக்கவில்லை.

விடுதி அவள் பயந்ததுபோலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. முகமே மாறிப்போனவர்களை முதல் நாள் பார்த்தபோது, நானும் இப்படித்தான் ஆவேனா என்று ஒரு வாரம் சாப்பிடவில்லை. வாரத்துக்கு ரெண்டு ஊசி. எண்ணெய் மருந்து உள்ளே போன இடம் கட்டிக்கொண்டு, உணர்ச்சி இருந்த தோலில் தீயாக எரியும். மணியத்தை விசாரித்தாள். வந்த ஆறாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான் என்றார்கள். காளியம்மாவுக்கு அதை எழுதிப் போடச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஊசிநூலைத் தொடவே ரொம்பக் காலம் பயந்தாள். அவள் கொட்டகையில் அ மூய் என்று ஒரு சீனப் பெண் இருந்தாள். மெர்சிங் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவளுக்கும் விரல்கள் மரத்துப் போனவைதான். ஆனாலும் தைத்தாள். ஒரு நாள் வீராயியின் இடக்கையை இழுத்து, பால்டின் தகரத்தில் தானே வளைத்துச் செய்த அங்குஸ்தானை அவள் விரலில் மாட்டிவிட்டாள். "டெங்கார்" என்றாள். கேள் என்று அதற்கு அர்த்தம். ஊசியை இறக்கினாள். முனை தகரத்தில் பட்டு 'டிக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு ஊசியை மேலே திருப்ப வேண்டும். வீராயி காதால் தைக்கக் கற்றுக்கொண்டாள். அவர்கள் ரெண்டு பேரும், சாலேஹா என்ற மலாய்ப் பெண்ணும் சேர்ந்து மூன்றாம் கொட்டகைக்கு முழுக்கப் போர்வை தைத்தார்கள். மூவருக்கும் பொதுவாக இருந்தது பத்திருபது மலாய்ச் சொல்தான். அது போதுமானதாக இருந்தது.

நாலரை வருஷம் கழித்து, 1936 கடைசியில், பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கிருமி காணவில்லை என்று டாக்டர் காகிதம் கொடுத்தார். அவள் இடக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நிமிராமல் போயிருந்தன. மற்றபடி வீராயி வீராயியாகவே இருந்தாள். போன நாளில் பட்ட பயத்தைவிடத் திரும்புகிற நாளில் பட்டது பெரிசு. பாலோ நிலையத்தில் ரயில் நின்றபோது, இறங்காமல் அப்படியே வடக்கே போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள்.

ஐயாசாமி நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. காளியம்மா நின்றிருந்தாள். அவர்களுக்கு நடுவில் நெட்டையாக ஒரு பெண் நின்றிருந்தாள். வீராயி நாலடி தள்ளியே நின்றாள்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள் தனம். முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வைத்தியலிங்கத்துக்கு யோங் பெங் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டதால் செல்லப்பாக்கியம் அங்கே இல்லை. தையல் காளியம்மா வீட்டு வாசலுக்கு மாறியிருந்தது. வீராயிக்குப் பால்வெட்டு கொடுக்கவில்லை. களையெடுக்கிற கூட்டத்தில் சேர்த்தார்கள். சிலர் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, கடைசிவரை. வெள்ளையம்மா ஒரு நாள் தன் நாலு வயது மகனோடு வந்து, ரெண்டு முழம் தள்ளி நின்று, "பெரியம்மாவக் கும்புட்டுக்க" என்றாள். அவளால் முடிந்தது அது. வீராயிக்கு அதுவே நிறைவாக இருந்தது.

ஆனால் பயம் தன்னை விட்டுப் போனதாக அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் சோதனை. அவளுக்கும் உண்டு, தனத்துக்கும் உண்டு. முந்தின நாள் அவளுக்குச் சோறு இறங்காது. காளியம்மாதான் கூடப் போவாள். டிரஸ்ஸர் கூப்பிடும்வரை ஆஸ்பத்திரி வாசல் பலகையில் உட்கார்ந்து, தன் கோழி அடைகாக்காமல் எழுந்து போன கதையையும் புதுக் கிராணி குடையைத் தொலைத்த கதையையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அதில் ஒரு வார்த்தையும் வீராயி காதில் ஏறாது என்பது காளியம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கதவு திறக்கும்வரை நிறுத்தமாட்டாள்.